நான்கு மணிக்குக் கூடைப்பந்து

ஆல்டர் கிராஸிங், நெப்ராஸ்கா
8 ஜனவரி 1945

திரு. டுவைட் கெல்சோ அவர்களுக்கு,

நான் ஆர்லோ லிண்ட்கிரெனின் அக்கா தோரா. நாம் சந்தித்ததில்லை. ஆனால் கடற்படைப் பயிற்சிக்கு உங்கள் கல்லூரிக்கு வந்த எட்டு மாதமும் ஆர்லோ எழுதிய கடிதங்களில் உங்கள் பெயர் இல்லாத கடிதம் ஒன்றுகூட இல்லை. ஒரே அறை, ஒரே கூடைப்பந்துக் குழு, அதிலும் நீங்கள் தலைவர். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வேதியியலில் தேறவில்லை என்று போன மார்ச்சில் அவனை அதிகாரிப் பயிற்சியிலிருந்து எடுத்து, சாதாரண மாலுமியாகக் கப்பலுக்கு அனுப்பியது உங்களுக்குத் தெரியும். நவம்பரில் எங்களுக்குத் தந்தி வந்தது. "காணவில்லை" என்றுதான் அதில் இருந்தது. அம்மா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் அதே கப்பலின் சமையல்காரர் ஒருவர் மருத்துவமனையிலிருந்து எழுதினார். காலையில் குண்டு விழுந்ததாம், இருபது நிமிடத்தில் கப்பல் முழுகிவிட்டதாம். இரண்டு மைல் தள்ளி ஒரு தீவு தெரிந்ததாம். நீந்தத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் போனார்களாம். சிலரைத் தீவு மக்கள் ஒளித்து வைத்திருப்பதாகக் கேள்வி என்று எழுதியிருந்தார்.

கல்லூரியிலிருந்து வந்த ஆர்லோவின் பெட்டியில் நீச்சல் தேர்வில் தேறியதற்கான அட்டை இருக்கிறது. அம்மாவின் கணக்கு எளிது. நீந்தத் தெரிந்தவர்கள் தீவுக்குப் போனார்கள், ஆர்லோவுக்கு நீந்தத் தெரியும். அதனால் நினைவு ஆராதனை வேண்டாம் என்று போதகரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. நிலத்தைப் பக்கத்துப் பண்ணை ஹல்ட்மனுக்குக் குத்தகைக்கு விட்டால்தான் நாங்கள் பிழைக்க முடியும். எங்கள் பக்கத்தில் மார்ச் ஒன்றாம் தேதிதான் குத்தகை கைமாறும். ஆர்லோ திரும்பி வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அம்மா கையெழுத்துப் போட மறுக்கிறாள்.

எங்கள் ஊரில் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியைவிட ஆழமான தண்ணீர் கிடையாது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். ஆர்லோ எவ்வளவு நன்றாக நீந்துவான்? இரண்டு மைல் அவனால் முடியுமா? உள்ளதைச் சொல்லுங்கள். எது என்றாலும் தாங்கிக்கொள்வேன்.

தோரா லிண்ட்கிரென்


கடற்படைப் பயிற்சிப் பிரிவு, அயோவா
15 ஜனவரி 1945

மதிப்பிற்குரிய மிஸ் லிண்ட்கிரென்,

உங்கள் கடிதம் கண்டு மிகவும் வருந்தினேன். ஆர்லோவை மறக்க முடியுமா? ஆறடி நாலங்குலம். எங்கள் அறைக் கதவில் அவன் நெற்றி இடித்த இடம் இன்னும் பளபளப்பாக இருக்கிறது.

இங்கே விடுதியின் மாடியை மாடி என்று சொன்னால் தண்டனை, டெக் என்று சொல்ல வேண்டும். ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும்கூடக் கப்பல் பெயர்தான். கடல் ஆயிரம் மைலுக்கு அப்பால், சுற்றிலும் சோளக்காடு. தினம் நான்கு மணிக்கு டெக்குகளுக்குள் போட்டி நடக்கும். எங்கள் மூன்றாம் டெக் எல்லாவற்றிலும் கடைசி. முதல் டெக்காரர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களைப் பார்த்து, "ஏய் மூணாம் டெக், கூடை மேல இருக்குடா, கீழ தேடாதீங்க" என்பார்கள். ஆர்லோ களத்தில் இறங்கிய பிறகு அந்தச் சத்தம் நின்றது. தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்தோம். இறுதி ஆட்டம் முப்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது, அதில் பதினேழு புள்ளி அவனுடையது. கோப்பைக் கொடி எங்கள் டெக் வாசலில்தான் தொங்குகிறது. அவனைத் தோளில் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. வெட்கப்பட்டு, "இறக்கி விடுங்கடா, எனக்குத் தலை சுத்துது" என்று கத்திக்கொண்டே வந்தான். அவன் உயரத்துக்கு மேல் இன்னும் நாலடி கூடிவிட்டதாம்.

நீச்சலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேர்வு கடினமானது, குளத்தை எட்டு நீளம் கடக்க வேண்டும். அட்டை கையில் இருக்கிறதே. நாங்கள் எல்லோரும் தேறியது போலத்தான் அவனும் தேறினான்.

அம்மாவிடம் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டுவைட் கெல்சோ


ஆல்டர் கிராஸிங்
24 ஜனவரி 1945

திரு. கெல்சோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். தோளில் தூக்கிய இடத்தில் சிரித்தாள். நவம்பருக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். அப்புறம் ஹல்ட்மனைக் கூப்பிட்டு, நிலம் கிடையாது, வேறு இடம் பார்த்துக்கொள் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஆர்லோ திரும்பி வந்தால் போட்டுக்கொள்ள வேண்டுமென்று அவன் குளிர்க் கோட்டை எடுத்துத் தைக்க உட்கார்ந்திருக்கிறாள்.

நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள். கேட்ட கேள்விக்கு விடை தெரியாத பிள்ளை எப்படி எழுதும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கேட்டதை ஒன்றரை வரியில் மெழுகிவிடும். உங்கள் கடிதத்தில் கூடைப்பந்து ஒன்றரைப் பக்கம், நீச்சல் மூன்று வரி.

அதனால் ஆர்லோவின் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக அடுக்கிப் படித்தேன். 1943 நவம்பர் பன்னிரண்டாம் தேதி இப்படி எழுதியிருக்கிறான்: "அக்கா, என்னைக் கருங்கல் கூட்டத்துல போட்டுட்டாங்க. நீச்சல் தெரியாதவங்களுக்கு இங்க அதான் பேரு. தினம் நாலு மணிக்குக் குளம். தண்ணி மூக்குல ஏறினதும் நான் குளத்தோரக் கம்பைப் பிடிச்சுக்குறேன். நீச்சல் சொல்லித்தர்ற சீஃப் என் விரல்லயே தட்டுறாரு." டிசம்பர் முதல் தேதி எழுதியது: "அக்கா, இப்ப தினம் நாலு மணிக்குக் கூடைப்பந்து. நீச்சல் பாஸாயிட்டேன்."

நடுவில் பத்தொன்பது நாள். தொட்டியில் கால் வைக்கவே நடுங்குகிறவன் பத்தொன்பது நாளில் எட்டு நீளம் நீந்த யார் கற்றுக்கொடுத்தது? எப்படி? எனக்கு வேறு எதுவும் வேண்டாம், இதற்கு மட்டும் விடை வேண்டும்.

தோரா லிண்ட்கிரென்


அயோவா
30 ஜனவரி 1945

மிஸ் லிண்ட்கிரென்,

கடற்படையில் எல்லாவற்றையும் சீக்கிரம் கற்றுத்தருவார்கள். பத்தொன்பது நாள் ஒன்றும் குறைவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். அடுத்த மாதம் இருபத்தேழாம் தேதி அதிகாரிகளுக்கான கடைசிப் படிப்புக்கு நியூயார்க் போகிறேன். அதற்குள் ஐந்து தேர்வு இருக்கிறது. இதையெல்லாம் கிளறுவதால் ஆர்லோ வரப்போகிறானா? அவனை நிம்மதியாக இருக்க விடுங்கள். என்னையும்.

டு. கெல்சோ


அயோவா
11 பிப்ரவரி 1945

மிஸ் லிண்ட்கிரென்,

போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. திட்டி எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவனை நிம்மதியாக இருக்க விடுங்கள்" என்று எழுதினேனே, இறந்தவர்களைப் பற்றித்தான் அப்படிச் சொல்வோம். எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்கே உறைத்தது. உங்களுக்குப் படித்த உடனே உறைத்திருக்கும்.

ஆர்லோவுக்கு நீந்தத் தெரியாது. அவன் பெயரில் அந்தத் தேர்வை நீந்தியது நான்.

நவம்பர் கடைசியில் முதல் டெக்கிடம் நாற்பதுக்குப் பன்னிரண்டு என்று தோற்றோம். இந்தச் சோளக்காட்டின் நடுவில் எங்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. உலகத்தில் யுத்தம் நடக்கிறது, நாங்கள் முதல் டெக்கோடு யுத்தம் நடத்திக்கொண்டிருந்தோம். டெக்கிலேயே உயரமானவன் நான்கு மணிக்குக் குளத்தில் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நீச்சலில் தேறாதவன் விளையாட்டுக்கு வரக் கூடாது என்பது விதி. எல்லா டெக்கிலும் இதற்கு ஒரே வழிதான் வைத்திருந்தார்கள், எனக்கும் அது தெரியும். நான் மில்வாக்கியில் ஏரிக்கரையில் வளர்ந்தவன்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். உன் பேரைக் கூப்பிட்டா நான் இருக்கேன்னு சொல்றேன். நூத்தம்பது மொட்டைத் தலைடா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

ஆர்லோ யோசித்தான். "எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுடுவா" என்றான். அப்புறம் சிரித்தான். அவனுக்கும் ஆட ஆசை இருந்தது. ஆனால் ஆசையைத் தூண்டியது நான்.

கருங்கல் கூட்டத்து சீஃப் அந்த வாரம் விடுப்பில் இருந்தார். பதிலுக்கு வந்தவர் புதியவர், பட்டியலை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஏற்கெனவே தேறியவர்களுக்கும் அன்று மறுதேர்வு இருந்தது. கெல்சோ என்று கூப்பிட்டபோது ஒரு தடவை எட்டு நீளம் போனேன். லிண்ட்கிரென் என்று கூப்பிட்டபோது இன்னொரு தடவை போனேன். மூச்சு வாங்கியது, அதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விடுப்பு முடிந்து வந்த சீஃப் பட்டியலைப் பார்த்துவிட்டு, நடைவழியில் ஆர்லோவை நிறுத்திக் கை குலுக்கினார். "உன்னால முடியும்னு எனக்குத் தெரியும்டா" என்றார். ஆர்லோவின் காது இரண்டும் சிவந்துபோனது. அறைக்கு வந்ததும் அந்த அட்டையைப் பெட்டியின் அடியில் போட்டு மூடினான்.

இதுவரை எழுதியது பெரிதில்லை. எழுதக் கை வராதது இனிமேல்தான்.

அவன் என்னிடம் மூன்று தடவை கேட்டான். முதல் தடவை டிசம்பரில். "டுவைட், ஞாயித்துக்கிழமை குளம் காலியா இருக்கும். எனக்கு மிதக்க மட்டும் கத்துக்கொடு, போதும்" என்றான். இறுதி ஆட்டம் முடியட்டும் என்றேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். நான் டவுனில் ஒரு பெண்ணைப் பார்க்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை பிப்ரவரியில், கொடி வாங்கிய பிறகு. தேர்வு நெருங்குது, அடுத்த டெர்ம் பார்க்கலாம் என்றேன். அவனுக்கு அடுத்த டெர்ம் இருக்கவில்லை. வேதியியல் போய்விட்டது. அட்டையைப் பார்த்து, இவன் தேறியவன் என்று அப்புறம் யாரும் அவனைத் தண்ணீரில் இறக்கவில்லை.

மிதக்க மட்டும் என்றுதான் கேட்டான். எனக்கு ஒரு மணி நேர வேலை அது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆர்லோவுக்கு மட்டும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் கார்ல் ஃபென்னர், ரே டோலிவர் என்று இன்னும் இரண்டு பேருக்கும் நான்தான் நீந்தினேன்.

இந்தக் கடிதத்தை நீங்கள் கடற்படைக்கு அனுப்பினால் என் அதிகாரிப் பதவி போய்விடும். அனுப்ப வேண்டாம் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

டுவைட்


ஆல்டர் கிராஸிங்
19 பிப்ரவரி 1945

டுவைட்,

இனி உனக்கு "அவர்களுக்கு" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

உன் கடிதத்தை இரண்டு நாள் பள்ளிக்கூட மேசையில் பூட்டி வைத்திருந்தேன். அம்மாவின் நம்பிக்கையை நான் எதற்குக் கொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது, ஆர்லோ வந்ததும் கேக் செய்ய வேண்டும் என்று எங்கள் ரேஷன் சர்க்கரையைத் தனியாக ஒரு டப்பாவில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உட்காரவைத்துப் படித்தேன்.

அவன் மூன்று தடவை கேட்ட இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். அம்மா அழவில்லை. "எட்டுத் தடவ அந்தக் குளத்தைத் தாண்டினவனுக்கு, ஒரு ஞாயித்துக்கிழமை எம் புள்ளையக் கையில தாங்கிக்க முடியலயா?" என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டு, பனியில் ஹல்ட்மன் பண்ணைக்கு நடந்தே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். வரும் ஞாயிறு ஆராதனை.

உன்னை நான் வெறுக்கிறேன். நீ எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் அதிகமாக வெறுத்திருப்பேன், அவ்வளவுதான். என்னையும்தான் வெறுக்கிறேன். "பாஸாயிட்டேன்" என்று அவன் எழுதியபோது, "சபாஷ்டா மீனே" என்று பதில் போட்டவள் நான். வகுப்பில் இருபது பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடிக்கிறவளுக்குச் சொந்தத் தம்பியின் பொய் தெரியவில்லை. ஒரு வருடம் கழித்துத் தேதி பார்த்துக் கண்டுபிடித்து யாருக்கு என்ன லாபம்?

உன் கடிதத்தை நான் யாருக்கும் அனுப்பப்போவதில்லை. இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. அதைச் செய்ய வேண்டியவன் நீ. ஃபென்னர் எங்கே இருக்கிறான்? டோலிவர் எங்கே இருக்கிறான்? அவர்களுக்கும் பெட்டியில் அந்த அட்டை இருக்கிறது. அவர்களுக்கும் அம்மா இருப்பாள். இந்தக் குளிர்காலத்தில் உன் கல்லூரியில் நான்கு மணிக்குக் கூடைப்பந்து ஆடுகிறவர்களில் எத்தனை பேர் குளத்தில் இருக்க வேண்டியவர்கள்? நீ இருபத்தேழாம் தேதி ரயில் ஏறுவதற்குள் இதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு ஏறு.

தோரா


பயிற்சி முகாம், இல்லினாய்
9 மார்ச் 1945

தோரா அவர்களுக்கு,

இருபத்தேழாம் தேதி நான் ரயில் ஏறினேன். ஆனால் நியூயார்க்குக்கு இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே கமாண்டரிடம் போனேன். போகும் வழியில் இரண்டு தடவை திரும்பிவிட்டேன், அதையும் மறைக்கவில்லை. நான் சொன்னதை அவர் நின்றபடியே கேட்டார். "இதை ஒரு வருஷம் முன்னாடி வந்து சொல்லியிருக்கணும், கெல்சோ" என்று மட்டும் சொன்னார். அந்தச் சனிக்கிழமையே அட்டை வைத்திருக்கும் அத்தனை பேரையும் குளத்துக்குக் கூப்பிட்டார். பெயர் கூப்பிடும்போது பக்கத்தில் இரண்டு அறைத்தோழர்கள் நின்று, இவன்தான் அவன் என்று சொல்ல வேண்டும். நூற்று நாற்பது பேரில் பத்தொன்பது பேருக்கு நீந்தத் தெரியவில்லை. முதல் டெக்கில் மட்டும் ஏழு பேர்.

இந்த டெர்முக்குப் போட்டிகள் எல்லாம் ரத்து. கடைசி நாலு நாளும் சாப்பாட்டுக் கூடத்தில் என் பக்கம் உப்பைக்கூட யாரும் நகர்த்தவில்லை. என் டெக்காரனே ஒருவன், "செத்தவனுக்காக எங்க சீசனைக் கெடுத்துட்டியே" என்றான். அவனும் அந்தப் பத்தொன்பதில் ஒருவன். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். ஒரு வருடம் முன்பு நானும் அதையே சொல்லியிருப்பேன் என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

பதவி போய்விட்டது. இங்கே சாதாரண மாலுமியாகச் சேர்ந்திருக்கிறேன். ஆர்லோவுக்குக் கிடைத்த அதே வேலைதான். இதில் எனக்குப் புகார் இல்லை. புகார் இல்லை என்று சொல்லிக்கொள்வதால் ஒரு நிம்மதியும் இல்லை.

ஃபென்னர் புளோரிடாவில் இருக்கிறான். நீச்சல் கற்றுக்கொள்ள அவனைக் குளத்தில் இறக்கிவிட்டார்கள். அவன் எனக்கு எழுதிய கடிதத்தில் வசவைத் தவிர ஒன்றும் இல்லை. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ரே டோலிவர் ஒஹையோக்காரன். டிசம்பரிலேயே எண்ணெய்க் கப்பலில் பசிபிக் போய்விட்டான். அவனுக்கு நானும் எழுதியிருக்கிறேன், கமாண்டரும் எழுதியிருக்கிறார். கடிதம் போய்ச் சேரவே மூன்று வாரம் ஆகுமாம், பதில் வர அதற்கு மேலும் ஆகலாம். இன்னும் ஒன்றும் வரவில்லை.

உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதலாமா என்று பலமுறை நினைத்தேன். எழுதினால் அதற்கு ஒரு பதிலை அவர் தர வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவர் தலையில் ஏற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான் செய்தது சரியா என்று தெரியவில்லை.

டுவைட்


ஆல்டர் கிராஸிங்
2 ஏப்ரல் 1945

டுவைட்,

ஆராதனை முடிந்தது. கல்லறை இல்லாததால் யாருக்கும் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. கோயில் வாசலிலேயே குளிரில் நின்றுவிட்டுக் கலைந்துபோனார்கள். ஹல்ட்மன் உழ ஆரம்பித்துவிட்டார். மார்ச் முதல் வாரமே நானும் அம்மாவும் ஊருக்குள் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டோம்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். மன்னிப்புக் கேட்காமல் விட்டதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் மன்னிக்கவில்லை. அதை நீ தெரிந்துகொண்டிருப்பது நல்லது.

ஆனால் டோலிவர் பெயரை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். எந்த ஊர், அம்மா இருக்கிறாளா, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

இங்கே தபால் பதினொரு மணிக்கு வரும். ஆராதனைக்குப் பிறகு அம்மா தபாலுக்காக வாசலுக்குப் போக மாட்டாள் என்று நினைத்தேன். மூன்று வாரமாகத் தினமும் போகிறாள். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்ததும், வந்த தபாலைப் படிக்கச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு அவள் கேட்கும் முதல் கேள்வி, "அந்த ஒஹையோ புள்ள பதில் போட்டானாமா?" என்பதுதான். இன்னும் இல்லை என்பேன். "மெதுவாத்தான் வரும், கடல் தாண்டி வரணுமில்ல" என்று எனக்கே சமாதானம் சொல்கிறாள்.

ஆர்லோவுக்காகக் காத்திருந்த அதே முகம்தான். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. ஆனாலும் அவள் தேடிக்கொண்ட இந்தக் காத்திருப்பை நான் பறிக்க மாட்டேன்.

அவன் பதில் போட்டால் எழுது. பதில் வராவிட்டாலும் எழுது.

தோரா